மேல்வீட்டுப் பிள்ளையின் தலை

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் நாங்கள் முதன்முதலில் குடியிருந்த வீட்டுக்கும் அதற்கு நேர்மேலே இருந்த வீட்டுக்கும் இடையில் பதினாறு படிகள். எட்டுப் படி ஏறியதும் ஒரு திருப்பம்; அங்கே ஒரு ஒடுங்கிய சன்னல், சன்னல் விளிம்பில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கள்ளிச்செடி. பிறகு இன்னும் எட்டு. எண்ணுவது அந்த வயதிலேயே எனக்குப் பழக்கமாகியிருந்தது. ஊரில் குண்டு விழும் சத்தங்களை எண்ணப் பழகியவள், இங்கே எண்ணுவதற்கு வேறொன்றும் இல்லாமல் படிகளை எண்ணினேன்.

எண்பத்தாறாம் ஆண்டின் இலையுதிர்காலம் அது. எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அப்பா பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடாத மனிதர். அந்த வெள்ளிக்கிழமைகளிலும் பின்னேரம் வரை பன்றிகளை இரண்டாகப் பிளந்துவிட்டு வந்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு பருப்பும் சோறும் சாப்பிடுவார். அம்மா வீட்டில் இருந்தார். கிழமையில் இரண்டு நாள் மொழி வகுப்புக்குப் போனார். அங்கே படித்தவற்றில் ‘யா’, ‘நைய்’, ‘தக்’ என்ற மூன்றுதான் வீடுவரை வந்து சேர்ந்தன. ஆம், இல்லை, நன்றி. மீதி எல்லாவற்றுக்கும் நான் இருந்தேன். மருத்துவரிடமும் பள்ளிக்கூடத்திலும் நகரசபைக் கந்தோரிலும் அம்மா தமிழில் சொல்வதை நான் டெனிஷில் சொல்வேன். அவர்கள் சொல்வதை அம்மாவுக்குச் சொல்வேன். நான் சொன்னது சரிதானா என்று பார்க்க அங்கே எவருக்கும் வழியில்லை. அதை நான் சீக்கிரமே கவனித்திருந்தேன்.

மேல்வீட்டில் ஒரு டெனிஷ் பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. கணவன் லொறி ஓட்டுபவன். வெள்ளி இரவு வந்தால் ஞாயிறு மாலை போய்விடுவான். வீட்டில் நாங்கள் அவளை மேல்வீட்டுக்காரி என்றே சொன்னோம். அவர்களுக்கு ஒரு மகள், எத்தியோப்பியாவிலிருந்து தத்தெடுத்த பிள்ளை. ஐந்து வயது. இங்கே வந்து ஒரு வருடம்தான். வந்தபோது தலைமயிர் ஒட்ட வெட்டப்பட்டிருந்ததாம். இப்போது அது அடர்ந்து, நெருங்கி, சின்னச் சின்னச் சுருள்களாக வளர்ந்திருந்தது. தலையணையில் படுகிற பக்கம் கம்பளிபோல் அழுந்தியும் மறுபக்கம் எழுந்தும் நின்றது. பின்தலையில் உள்ளங்கை அகலத்துக்குத் திரண்டு சடையாகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்வீட்டுக்காரி எங்கள் மணியை அழுத்தினாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் தலை வாரும் பிரஷ். ஊரில் இரண்டு சலூன்களில் கேட்டுப் பார்த்தாளாம். ஒன்றில் கத்தரிக்கோலைத் தவிர வேறு வழி தெரியாது என்றார்களாம். மற்றதில் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்களாம். இதையெல்லாம் அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவின் தோளில் கிடந்த பின்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

“பிள்ளைக்குத் தலை இழுத்துவிடச் சொல்லிக் கேக்கிறா. சலூனிலை ஏலாதெண்டு சொல்லிப்போட்டினமாம்.”

“எனக்கு உது தெரியுமெண்டு ஆர் சொன்னது?”

“நாங்களும் கறுப்புத்தானே. அதாலையாம்.”

கடைசியில் சொன்னதை மேல்வீட்டுக்காரி சொல்லவில்லை. அவள் பார்த்த பார்வையிலிருந்து நானாகச் சேர்த்துக்கொண்டது. அம்மா பிள்ளையை ஒருமுறை பார்த்தார். பிள்ளை அம்மாவின் காலிலிருந்த மெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஓம் எண்டு சொல்லு,” என்றார் அம்மா. “தலைதானே.”

அம்மாவின் மயிர் நேரானது, இடுப்புக்குக் கீழே விழுவது. என்னுடையதும் அப்படியே. அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: உச்சியில் சீப்பை வைத்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுப்பது. காய்ந்த தலையில் அப்படித்தான் தொடங்கினார். சீப்பு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கொஞ்சம் அழுத்தினார். இரண்டு பற்கள் ஒடிந்தன. பிள்ளை வாய் திறக்கவில்லை. மடியில் வைத்திருந்த இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டது. கண்ணீர் மட்டும் தாடைவரை வந்து விழுந்தது. அதைக் கண்டதும் அம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டார்.

“சத்தம் போடாமல் அழப் பழகின பிள்ளை,” என்றார் என்னிடம். “இதை அவவுக்குச் சொல்லாதை. வாற சனிக்கிழமை வரச் சொல்லு.”

அந்தக் கிழமை முழுவதும் அம்மா யோசித்தார். அப்பாவின் கிழிந்த கம்பளிச் சட்டையொன்றைப் பிரித்து, நூலை வேண்டுமென்றே சிக்காக்கி, காய வைத்தும் நனைத்தும் சிக்கெடுத்துப் பார்த்தார். “என்னப்பா, நல்ல சட்டையைப் பிரிச்சுப்போட்டு?” என்று அப்பா கேட்டதற்கு, “படிக்கிறன்” என்றார். மொழி வகுப்புக்காக அவர் இவ்வளவு படித்து நான் கண்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மா தலையை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தார். பென்சில் நுனியால் உச்சி பிரித்து, மயிரை நாலு பங்காக்கி, மூன்றைத் துணித்துண்டால் கட்டிவைத்தார். எண்ணெய்தான் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த போத்தல் போன கோடையிலேயே முடிந்திருந்தது. நான் மேல்வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் மேலே ஓடிப்போய் ஒரு வெள்ளைக் கட்டியைக் கொண்டுவந்தாள். இங்கே பிஸ்கட் அடுக்கி சொக்லேட் கேக் செய்யும்போது உருக்கி ஊற்றுகிற தேங்காய்க் கொழுப்பு. அம்மா அதை முகர்ந்து பார்த்தார்.

“எங்கடை எண்ணெய்தானடி. குளிருக்கு உறைஞ்சுபோய்க் கிடக்கு.”

அன்றிலிருந்து அந்தக் கட்டி ஒரு ஜாம் போத்தலுக்குள் எங்கள் வீட்டு ஹீட்டரின் மேல் இருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா ஹீட்டரைக் கூட்டிவைப்பார். பத்து மணிக்குள் வெள்ளை உருகி, போத்தல் முழுக்கத் தண்ணீர்போல் தெளிந்துவிடும்.

சீப்பை உச்சியில் வைப்பதை அம்மா விட்டுவிட்டார். விரலால் தொடங்கினார், அதுவும் நுனியிலிருந்து. நுனியில் ஒரு விரற்கடை பிரிந்த பிறகு அதற்கு மேலே ஒரு விரற்கடை. விரல் போன இடத்துக்குத்தான் சீப்பு போகலாம். முதல் நாள் மூன்று மணித்தியாலம் ஆனது. பின்தலையில் திரண்டிருந்த சடையைக் கத்தரிக்கோல் படாமல் அவிழ்க்க மூன்று சனிக்கிழமைகள் ஆயின. நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மேல்வீட்டுக்காரி நிலத்தில் சம்மணம் போட முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்து பார்ப்பாள். பேசுவதற்கு இரண்டு பேருக்கும் மொழி இல்லை. அம்மா எதையாவது செய்வார், அவள் தலையை ஆட்டுவாள், அம்மாவும் ஆட்டுவார்.

ஒருநாள் அம்மா ஈரமான ஒரு சுருளை மெல்ல இழுத்தார். அது பிள்ளையின் தோளைத் தாண்டி வந்தது. விட்டதும் துள்ளிப்போய்க் காதுக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அம்மா மறுபடி இழுத்தார், விட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். “இவ்வளவு மயிரை வைச்சுக்கொண்டு ஒண்டுமில்லாத மாதிரி இருக்கிறியோ, கள்ளி?” டென்மார்க்குக்கு வந்தபின் அம்மா சத்தமாகச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். படுக்கையறையில் வேலைக்களைப்பில் கிடந்த அப்பா எழுந்துவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பின்னிவிட்ட தலை திங்கட்கிழமையே ஒருபக்கம் பொருமிப்போவது ஏன் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. பிள்ளை எந்தப் பக்கம் படுக்கிறது என்று கேட்கச் சொன்னார். இடப்பக்கம் என்றாள் மேல்வீட்டுக்காரி. “அப்ப தலையணைதான் எண்ணெயைத் தின்னுது,” என்றார் அம்மா. தன் பழைய பட்டுச் சட்டையொன்றை வெட்டி, படுக்கும்போது தலையில் கட்ட ஒரு துண்டு தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பின்னல் ஒரு கிழமை தாங்கியது. சின்னதாகப் பதினான்கு பின்னல்கள். அம்மாவுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. “தம்பிக்கும் சின்னனிலை சுருட்டைதான்,” என்று ஊரிலிருந்த தன் தம்பியை நினைத்து ஒருமுறை சொன்னார், “ஆனால் இவ்வளவு இல்லை.”

பிள்ளை தமிழ் பேசத் தொடங்கியது. முதலில் “நோகுது.” பிறகு “நோகேல்லை.” அம்மா “ஆடாதை” என்று சொல்வதற்கு முன்னரே தானாகவே “ஆடாதை” என்று தனக்குச் சொல்லிக்கொண்டு அசையாமல் இருக்கும். அம்மா அதைக் குஞ்சு என்று கூப்பிட்டார்.

அதுவரை அந்த வீட்டில் குஞ்சு நான்தான். சனிக்கிழமைக் காலைகளும் என்னுடையவையாக இருந்தன. அம்மாவின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இருந்து, தலையைப் பின்னால் சாய்த்து, அம்மா ஊர்க் கதை சொல்லச் சொல்லப் பின்னிக்கொள்வேன். இப்போது எனக்கு எட்டு மணிக்கே ஒற்றைப் பின்னல் முடிந்துவிடும். நான் கணக்கு வைத்திருந்தேன்: எனக்குப் பத்து நிமிடம், அந்தப் பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலம். ஒருநாள் என் தலையையும் வேண்டுமென்றே சிக்காக்கிக்கொண்டு போய் நின்றேன். அம்மா இரண்டே இழுப்பில் சரிசெய்துவிட்டு, “உனக்கென்ன, தண்ணி மாதிரித் தலை,” என்றார். நல்ல தலை உள்ளவர்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை என்று அன்று நினைத்தேன்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு மேல்வீட்டார் கணவனின் ஊருக்குப் போனார்கள். போகுமுன், அம்மா செய்வதையெல்லாம் எழுதித் தரமுடியுமா என்று அவள் கேட்டாள். அம்மா சொல்ல நான் டெனிஷில் எழுதினேன். கோடு போட்ட தாளில், அடிமட்டம் வைத்து ஓரம் கீறி, இலக்கமிட்டு, எட்டு வரிகள். நனைத்தல், நாலாகப் பிரித்தல், எண்ணெய், விரல், நுனியிலிருந்து மேலே, பெரிய பல் சீப்பு, பின்னல், பட்டுத்துணி. நான் எழுதியவற்றில் ஒழுங்கானது என்று ஒருவர் பாராட்டிய முதல் எழுத்து அதுதான். மேல்வீட்டுக்காரி அதைத் தன் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தாள். அந்தக் கிழமை அதற்குத் தேவை வரவில்லை. அம்மாவின் பின்னல்கள் அவிழாமலே திரும்பிவந்தன.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பெரியம்மாவின் கடிதம் வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, இறந்துவிட்டார். இருபத்திரண்டு வயது. சைக்கிளில் மண்ணெண்ணெய் வாங்கப் போனவர். மூன்றாம் நாள் பற்றைப் புதருக்குள்ளிருந்து உடலை எடுத்தார்களாம். அவர் இறந்து இருபத்தாறு நாளுக்குப் பிறகுதான் செய்தி எங்களிடம் வந்துசேர்ந்தது. அந்த இருபத்தாறு நாளும் அம்மா சமைத்திருக்கிறார், வகுப்புக்குப் போயிருக்கிறார், பிள்ளையின் சுருளை இழுத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். அதைத்தான் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். “நான் சிரிச்சுக்கொண்டிருந்திருக்கிறன். அவன் அங்கை கிடக்க நான் இஞ்சை சிரிச்சுக்கொண்டிருந்திருக்கிறன்.”

சாவு வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு. தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, பின்னுவதில்லை, நல்ல காரியம் ஒன்றிலும் கைவைப்பதில்லை. ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கேட்க ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு ஐயர் இல்லை. அப்பா தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: “செத்த நாளிலை இருந்து பாத்தால் இன்னும் அஞ்சு நாள்தான். அதோடை கலியாணம் கட்டினவைக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு மூண்டு நாள் எண்டுதானே சொல்லுவினம்.”

“எனக்கு அவன் மூண்டு நாளோ?” என்றார் அம்மா.

அம்மா அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே எண்ணத் தொடங்கினார். பின்னலை அவிழ்த்துவிட்டு, உள்ளறையில் நிலத்தில் படுத்தார். ஹீட்டரின் மேலிருந்த போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். அங்கே அது வெள்ளையாக உறைந்துபோனது.

சனிக்கிழமை பத்து மணிக்கு மணி அடித்தது. அம்மா உள்ளேயிருந்து சொன்னார்: “நான் வெளிக்கிடேலாது. செத்தவீடு எண்டு சொல்லு. தம்பி செத்துப்போனான் எண்டு சொல்லு. பிள்ளையின்ரை தலையிலை இப்ப கைவைக்கக்கூடாது, முப்பத்தொண்டு கழியட்டும், கட்டாயம் வரச் சொல்லு.”

துடக்கு என்பதற்கு டெனிஷில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. ஆனால் செத்துப்போனார் என்பதற்குத் தெரியும். வகுப்பில் நாங்கள் வளர்த்த முயல் செத்தபோது ஆசிரியை அதைக் கரும்பலகையில் எழுதியிருந்தார். மூன்றே எழுத்துள்ள சொல். அது என் நாக்கு நுனியில் இருந்தது.

கதவைத் திறந்தேன். பிள்ளை ஏற்கெனவே தலையைக் குனிந்துகொண்டு, “ஆடாதை” என்று முணுமுணுத்தபடி தயாராக நின்றது.

“அம்மா இனிமேல் செய்யமாட்டார்,” என்றேன்.

“இன்றைக்கா?” என்றாள் மேல்வீட்டுக்காரி.

“இனிமேல்.”

அவள் என் தலைக்கு மேலால் உள்ளே பார்த்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தாங்கள் ஏதாவது பிழை செய்துவிட்டோமா என்று கேட்டாள். நான் தோளை உயர்த்தினேன். இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட உடல்மொழி அது. அவள் பிள்ளையின் கையைப் பிடித்தாள். பிறகு, அம்மாவுக்கு நன்றி சொல்லு என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏறிப்போனாள். நான் படிகளை எண்ணினேன். பதினாறு.

“என்ன சொன்னவ?” என்று அம்மா கேட்டார்.

“தக் எண்டு சொன்னவ.”

“வேறையொண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

அது பொய்யில்லை என்று அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு மேல்வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை சத்தம் போட்டு அழுது நாங்கள் கேட்டதில்லை. உட்கூரை வழியாகத் தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் ஓயும், பிறகு இன்னும் கூடிவரும். அம்மா எழுந்து உட்கார்ந்தார். அவருடைய கைகள் மடியில் தாமாக அசைந்தன.

“அடியைப் பிடியாமல் இழுக்கிறா,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மா தன் அவிழ்ந்த மயிரில் ஒரு பிடியை எடுத்துக் காட்டினார். இடது கை அடிப்பக்கத்தைத் தலையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கை கீழே இழுத்தது. எவ்வளவு இழுத்தாலும் இழுவை இடது கைக்கு மேலே போகவில்லை. மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தும் நான் அந்த இடது கையைக் கவனித்ததில்லை. அப்படிப் பிடிப்பது அதுவரை அம்மாவுக்கே தெரிந்திருக்கவில்லை. அதனால் அவர் சொல்லவில்லை. அதனால் என் எட்டு வரிகளில் அது இல்லை. மற்றெல்லாம் சரியாக இருந்த தாள்.

“ஓடிப்போய்ச் சொல்லு. ஒரு கையாலை அடியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லு, மற்றக் கையாலை இழுக்கச் சொல்லு. அப்ப நோகாது. ஓடு, பிள்ளை துடிக்குது.”

ஏறினேன். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பிள்ளை அழுதது. அழுகைக்கு நடுவே மேல்வீட்டுக்காரி எதையோ உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதியதைத்தான். நாலாவது, விரலால் தொடங்கவும். ஐந்தாவது, நுனியிலிருந்து மேலே. அவள் குரலும் அழுவதுபோலத்தான் இருந்தது. மணியை அழுத்தினால் இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வரமுடியாது என்பது எனக்குத் தெரிந்தது. அம்மாதான் அனுப்பினார் என்று சொல்லவேண்டும். அப்படியென்றால் போன கிழமை ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாள். மணியில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை.

“சொல்லிட்டன்,” என்றேன் கீழே வந்து.

அழுகை நிற்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சொல்லியும் கேக்கிறா இல்லையே,” என்றுவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை மேலே சத்தம் எதுவும் இல்லை.

முப்பத்தோராம் நாள் வியாழக்கிழமை. அப்பா மாமாவின் படத்துக்கு விளக்கேற்றித் தேவாரம் பாடினார். அம்மா தலைக்கு முழுகினார். சனிக்கிழமை ஏழு மணிக்கு ஹீட்டரைக் கூட்டிவைத்து, போத்தலை மேலே வைத்தார். பாயை விரித்தார். பென்சில், துணித்துண்டுகள், பெரிய பல் சீப்பு எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். பத்து மணியானது. வாசலில் ஏதாவது சத்தம் கேட்டால் அம்மா நிமிர்ந்து பார்த்தார். பதினொரு மணியானது. வெளியே மழையும் காற்றுமாக இருந்தது. மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அம்மா என்னைப் பார்த்து, “நீ வந்து இரு,” என்றார்.

அன்றைக்கு என் தலைக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தது. நாலாகப் பிரித்து, எண்ணெய் வைத்து, நுனியிலிருந்து தொடங்கி, அடியை இடது கையால் பிடித்துப் பிடித்து இழுத்தார். என் தலைக்கு அது ஒன்றும் தேவையில்லை. கொஞ்சமும் நோகவில்லை. அம்மா ஒரு கதையும் சொல்லவில்லை. குஞ்சு என்றும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை நிலவறையில் இருக்கும் பொதுச் சலவையறைக்கு நானும் அம்மாவும் உடுப்புக் கூடையோடு போனோம். மேல்வீட்டுக்காரி அங்கே நின்றாள். பக்கத்தில் பிள்ளை. சலவையறை சூடு என்பதால் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தது. தலை ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது எப்படி இருந்ததாகச் சொன்னாளோ அப்படி.

அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். பிள்ளை ஓர் அடி பின்னால் போய்த் தாயின் காலுக்குப் பின்னே ஒளிந்தது. மேல்வீட்டுக்காரி தலையை ஆட்டினாள், அம்மாவும் ஆட்டினார். சனிக்கிழமைகளில் ஆட்டியது போலத்தான் இருந்தது. பிறகு அவள் ஈரத்துணிகளை அப்படியே கூடைக்குள் போட்டுக்கொண்டு, காய வைக்காமல் மேலே போய்விட்டாள்.

அம்மா மெஷினுக்குள் எங்கள் உடுப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டார்.

“நீ சொன்னனிதானே, செத்தவீடு எண்டு?”

“ஓம்.”

“முப்பத்தொரு நாள். மேலை இருந்து கீழை இறங்கிவந்து, என்ன நடந்தது எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை.” மெஷின் கதவைச் சாத்தினார். “துக்கம் விசாரிக்கத் தெரியாத சனம்.”

கோடை வருமுன் மேல்வீட்டார் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கே என்று தெரியாது. தலையில் கட்ட அம்மா தைத்துக் கொடுத்த பட்டுத்துணியை ஒரு கடித உறைக்குள் மடித்து எங்கள் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கடிதம் எதுவும் இல்லை.

அம்மா பிறகு டெனிஷ் கற்றுக்கொண்டார். பகல்நேரச் சிறுவர் நிலையமொன்றில் பதினெட்டு வருடம் வேலை செய்தார். டெனிஷ்காரர்களை அவருக்குப் பிடிக்கும். ஆனால் யாராவது அவர்களைப் புகழ்ந்தால், “எல்லாம் சரி, செத்தவீட்டுக்கு மட்டும் வராயினம்,” என்பார். ஓல்போர்க்கிலிருந்தும் விபோர்க்கிலிருந்தும் வருகிற நம்மவர்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லியிருக்கிறார். அவர்களில் பலர் அதை நம்பினார்கள். நான் மேசையில் தேத்தண்ணீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டிருப்பேன்.

பெரியம்மாவின் கடிதத்தை எனக்குப் பதினாலு வயதானபோது அம்மாவின் அலுமாரியில் எடுத்து வாசித்தேன். ‘நீ குஞ்சு குஞ்சு எண்டு தலை இழுத்து வளத்தவன் போயிட்டானடி’ என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சொல் என்னிடமிருந்து பறித்து அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது என்று நினைத்திருந்தேன். அது எனக்கே இரண்டாம் கையாக வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

ஆறு வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த டெனிஷ்காரர்கள், எல்லோரும் வயதானவர்கள், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பதினொரு பேர் வந்தார்கள். கீழ்வீட்டார் வந்தார்கள். அம்மாவோடு வேலை செய்த பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எல்லோரும் போனபின் அம்மா கதிரையில் இருந்து நெடுநேரம் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இவையும் வாறவைதானே,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப ஏன் அவ வரேல்லை?”

யார் என்று நான் கேட்கவில்லை.

“நீ வடிவாச் சொன்னனிதானே?”

“ஓம் அம்மா. சொன்னனான்.”

அந்தச் சனிக்கிழமை, மேல்வீட்டுக் கதவுக்கு வெளியே, மணியிலிருந்து விரலை எடுத்தபின் நான் உடனே இறங்கி வரவில்லை. உடனே வந்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவார். கள்ளிச்செடி இருந்த திருப்பத்தில் நின்று, உள்ளே அழுகை கேட்கக் கேட்க, நூறு வரை எண்ணிவிட்டு இறங்கினேன். ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது ஒன்பது வயதில் எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. சொல்லாமல் விட்டால் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.